ஞானஸ்நானத்துக்கு முன் தாலியைக் கழற்றச் சொல்வது: சபை ஒழுங்கா, சட்டவாதமா?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எந்தச் சபையையும் தூற்றுவதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. ஆகவே சபையின் பெயரையும் ஊரையும் சொல்லவில்லை. எங்கள் உறவில் ஒரு பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், தென் மாவட்டம் ஒன்றில் உள்ள பெந்தெகொஸ்தே சபைக்குச் சில காலமாகப் போய்வருகிறார். கணவர் விசுவாசத்துக்குள் வரவில்லை என்றாலும் மனைவி ஆராதனைக்குப் போவதைத் தடுப்பதில்லை. மழை நாட்களில் அவரே வண்டியில் கொண்டுபோய் விடுகிறார். ஞானஸ்நான வகுப்புகள் முடிந்து தேதி குறிக்கும் வேளையில், தோடு, மூக்குத்தி, வளையல் ஆகியவற்றோடு தாலியையும் கழற்றினால்தான் தண்ணீரில் இறக்க முடியும் என்று போதகர் சொல்லிவிட்டார். கணவன் உயிரோடு இருக்கும்போது ஒரு பெண் தாலியில்லாமல் வீட்டுக்கு வந்தால் மாமியார் என்ன நினைப்பார், அந்தத் தெரு என்ன பேசும் என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

அதே சபையில் இன்னொன்றும் நடக்கிறது. சில பெண்கள் வேலைக்கும் சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் தோடு போட்டுக்கொண்டு போகிறார்கள். ஞாயிறு காலையில் அதைக் கழற்றி, காது தூர்ந்துவிடாமல் இருக்கத் துளையில் ஈர்க்குத் துண்டைச் செருகி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆராதனைக்கு வருகிறார்கள். போதகரின் மனைவிக்கும் இது தெரியும் என்கிறார்கள்.

இதைச் சட்டவாதம் (கிருபையைவிட விதிகளையே முதன்மையாக்குவது) என்று சொல்லலாமா, அல்லது ஒரு சபை தன் விசுவாசிகளுக்கு வைத்திருக்கும் ஒழுங்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா? எதைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிவது?

பழைய விசுவாசி எழுதியது:

சகோதரருக்கு, நான் நகை அணியாத சபையில் வளர்ந்து, அங்கேயே மூப்பராகவும் இருப்பவன். இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் எங்களைப் பரிசேயர் (வேதவிதிகளில் கண்டிப்பான யூதப் பிரிவினர்) பட்டியலில் சேர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டதால், எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

1 பேதுரு 3:3, 1 தீமோத்தேயு 2:9 ஆகிய வசனங்களை நாங்கள் எழுதவில்லை. பொன்னையும் விலையுயர்ந்த ஆடையையும் தவிர்க்க வேண்டும் என்பது எங்களோடு பிறந்த கருத்துமில்லை. 1743இல் மெத்தடிஸ்ட் இயக்கத்தின் முன்னோடி ஜான் வெஸ்லி தம்முடைய சங்கங்களுக்கு எழுதிய பொது விதிகளிலேயே அது இருக்கிறது. 1924இல் கொழும்பில் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷனும், அக்காலத்தில் கேரளத்திலும் தென் தமிழகத்திலும் பரவிய எழுப்புதல் சபைகள் பலவும் நகையை விட்டபோது, அது வசனத்துக்குக் கீழ்ப்படிதலாக மட்டும் இருக்கவில்லை. எங்கள் சபையில் பெண் பார்க்கப் போகிறவர்கள் "எத்தனை பவுன் போடுவீர்கள்?" என்று கேட்பதில்லை. அடகுக்கடையில் தோட்டை வைத்துவிட்டு வெறுங்காதோடு வந்தவளும், வைக்க எதுவுமே இல்லாதவளும், பெட்டி நிறைய வைத்திருந்தவளும் ஒரே பாயில் ஒரேமாதிரி உட்கார்ந்தார்கள். இன்றைய பவுன் விலையில் இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை மகளைப் பெற்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

பரிசுத்தத்தைக் கேட்கிற எவரையும் சட்டவாதி என்று சொல்லிவிட்டால், சபை எதைத்தான் கேட்க முடியும்? ஈர்க்கு செருகிக்கொள்பவர்களைப் பற்றிச் சொன்னீர்கள். கள்ளத்தனம் செய்கிறவர் இருக்கிறார் என்பதால் கட்டளை தவறாகிவிடாது.

தரங்கம்பாடி வாசகர் எழுதியது:

மூப்பர் ஐயா சொன்ன சமத்துவத்தை நான் மதிக்கிறேன். எங்கள் லுத்தரன் சபைத் திருமணங்களில் வரதட்சணை பேசப்படும் விதத்தைப் பார்த்தால் உங்கள் சபையிடம் நாங்கள் கற்க வேண்டியது உண்டு. ஆனாலும் சகோதரர் கேட்டது நகை நல்லதா என்பதைப் பற்றி இல்லை. ஒரு நல்ல பழக்கம் எப்போது கிருபைக்கு எதிராகத் திரும்புகிறது என்பதைக் கேட்டிருக்கிறார்.

இதற்கு வேதத்திலேயே ஏறக்குறைய ஒரு பரிசோதனைபோல அமைந்த இரண்டு சம்பவங்கள் உள்ளன. அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில், அவ்விடங்களில் இருந்த யூதர்களை முன்னிட்டு, பவுல் தம் உடனூழியர் தீமோத்தேயுவுக்கு யூத முறைப்படி விருத்தசேதனம் பண்ணுவிக்கிறார். கலாத்தியர் 2ஆம் அதிகாரத்திலோ, மற்றோர் உடனூழியரான தீத்துவுக்கு அதைச் செய்யும்படி வந்த நெருக்கத்துக்கு ஒரு நாழிகையேனும் இணங்கவில்லை என்று எழுதுகிறார். செயல் ஒன்றே, அதைத் தீர்மானித்தவரும் ஒருவரே. தீமோத்தேயுவின் காரியத்தில் அது ஊழியத்துக்காக மனமுவந்து செய்யப்பட்டது. தீத்துவின் காரியத்தில், "நீங்கள் விருத்தசேதனமடையாவிட்டால் இரட்சிக்கப்படமாட்டீர்கள்" என்று போதித்தவர்களின் நிபந்தனையாக அது வந்தது. ஆகவே ஒரு சபையில் எத்தனை விதிகள் உள்ளன, அவை எவ்வளவு கடினமானவை என்று எண்ணிப் பார்ப்பதால் சட்டவாதத்தைக் கண்டுபிடிக்க முடியாது. உபவாசமும் நகையின்மையும் இராமுழு ஜெபமும் உள்ள ஒரு சபை கிருபையில் நிலைத்திருக்கலாம்; ஒரே ஒரு விதி உள்ள சபை அந்த ஒன்றினாலேயே, விதியை இரட்சிப்பின் நிபந்தனையாக்கியதற்காகப் பவுல் கண்டித்த கலாத்தியச் சபைபோல ஆகிவிடலாம். விதி எங்கே நிறுத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்குள் நடந்துகொள்ளும் முறையாக இருக்கிறதா, அல்லது வாசலில் நின்று உள்ளே வருகிறவரைத் தடுக்கிறதா?

வெஸ்லியை ஐயா நினைவூட்டியது நல்லதாயிற்று. பொன் அணிவதைத் தவிர்க்கச் சொன்ன அதே விதிகளில், சங்கத்தில் சேர விரும்புகிறவரிடம் முன்கூட்டிக் கேட்கப்படும் நிபந்தனை ஒன்றே என்று எழுதியிருக்கிறது: வரப்போகும் கோபத்துக்குத் தப்பி, பாவங்களிலிருந்து இரட்சிக்கப்பட வேண்டும் என்ற வாஞ்சை. மற்றவையெல்லாம் அந்த வாஞ்சையின் கனிகளாக அதன் பின்னரே வருகின்றன.

எங்கள் லுத்தரன் சபைகளின் அடிப்படை ஆவணமான, 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, 28ஆம் பிரிவில், இதையே வேறு வகையில் சொல்கிறது. சபையில் எல்லாம் கிரமமாக நடப்பதற்காக மேய்ப்பர்கள் ஒழுங்குகளை ஏற்படுத்தலாம். அவற்றால் கிருபையைச் சம்பாதிக்கலாம் என்றோ, மீறினால் பாவம் என்றோ மனச்சாட்சியைக் கட்டக் கூடாது. பெண்கள் முக்காடிடுவதையே அங்கே உதாரணமாக எடுத்துக்கொண்டு, பிறருக்கு இடறல் இல்லாத இடத்தில் முக்காடில்லாமல் வெளியே போகிறவள் பாவம் செய்கிறாள் என்று எவரும் சொல்லமாட்டார் என்று எழுதியிருக்கிறார்கள்.

பெத்தானியா எழுதியது:

நகையைப் பற்றிப் பேசினால் பெந்தெகொஸ்தேயார் மட்டும் கூண்டில் நிற்கிறார்கள், அது நியாயமில்லை. நான் பிறந்து வளர்ந்த மரபுவழிச் சபையில் எவரும் என் காதைப் பார்த்ததில்லை. அங்கே பார்க்கப்படுவது ரசீது. சபைச் சந்தா பாக்கி இருந்தால் திருமண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கக் குருவானவர் தயங்குவதும், துக்க வீட்டில் பிரேதம் கிடக்கும்போதே கல்லறைத் தோட்டத்தில் இடம் தருவதற்குமுன் கணக்கப்பிள்ளை நோட்டைப் புரட்டுவதும் தென் தமிழகத்தில் பலர் அறிந்த காட்சிகள்தாம். நிர்வாகத்துக்குப் பணம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இறந்தவர் கர்த்தருக்குள் மரித்தார் என்று பீடத்திலிருந்து சொல்லிவிட்டு, அவர் சந்தா கட்டாமல் மரித்தார் என்று அலுவலகத்தில் சொல்வது எந்த உபதேசம்?

பிறகு நான் போன சுயாதீன சபையில் தசமபாக (வருமானத்தில் பத்திலொரு பங்கு காணிக்கை) அட்டை கொடுத்தார்கள். தபால் அட்டை அளவில் நீல நிற அட்டை; மேலே மல்கியா 3:10, கீழே பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு கட்டங்கள். மாதந்தோறும் உறையைப் பெட்டியில் போட்டபின் செயலர் அந்தக் கட்டத்தில் ரப்பர் முத்திரை குத்தித் தருவார். என் பக்கத்து வீட்டுச் சகோதரி தன் குழந்தையைப் பிரதிஷ்டை பண்ணக் கேட்டபோது அட்டையைக் கொண்டுவரச் சொன்னார்கள். கணவருக்கு வேலை போயிருந்த மாதங்களின் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. எவரும் கோபப்படவில்லை, "அடுத்த முறை பார்க்கலாம் அம்மா" என்று அன்பாகவே சொன்னார்கள். அந்த அன்புதான் எனக்கு அதிகமாக உறுத்தியது.

ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்தினவர்களைப் பார்த்து ஆண்டவர் சொன்னதைக் கவனியுங்கள். அவற்றையும் விடாதிருக்க வேண்டும் என்றுதான் சொன்னார். கொடுத்ததை அவர் குறை கூறவில்லை. நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டதையே கூறினார். முத்திரை குத்த முடிகிற காரியம் முதலிடத்துக்கு வருவதும், குத்த முடியாத இரக்கம் பின்னுக்குப் போவதும் சட்டவாதத்தின் முதல் அறிகுறி என்று நினைக்கிறேன். எங்கள் செயலரிடம் இரக்கத்துக்கென்று ஒரு கட்டம் இல்லை.

பழைய விசுவாசி எழுதியது:

வாசலில் நிற்கும் விதியே சட்டவாதம் என்கிறார் தரங்கம்பாடி ஐயா. அப்படியானால் 1 கொரிந்தியர் 5ஆம் அதிகாரத்தை என்ன செய்வது? தகப்பனுடைய மனைவியை வைத்துக்கொண்டவனை உங்களைவிட்டுத் தள்ளிப்போடுங்கள் என்று பவுலே எழுதுகிறார். எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்களும் மூப்பர்களும்கூடப் புறஜாதியாருக்கு ஒன்றும் சொல்லாமல் விடவில்லை. விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், நெருக்குண்டு செத்தவை, வேசித்தனம் ஆகிய நான்கையும் விலக்கச் சொல்லி நிருபம் எழுதினார்கள். வாசலே இல்லாத வீடு வீடாகாது. எது வாசலில் நிற்கலாம், எது நிற்கக் கூடாது என்பதற்கு உங்கள் அளவுகோல் என்ன? "எனக்குப் பிடித்த விதி ஒழுங்கு, பிடிக்காத விதி சட்டவாதம்" என்பதே இன்று பலருடைய அளவுகோலாக இருப்பதால் கேட்கிறேன்.

தரங்கம்பாடி வாசகர் எழுதியது:

கேள்வி சரியானது, சற்று நீளமாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது.

எருசலேம் நிருபத்தின் வாக்கியத்தையே முதலில் பாருங்கள்: "அவசியமான இவைகளையல்லாமல் பாரமான வேறொன்றையும் உங்கள்மேல் சுமத்தாமலிருப்பது பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது." கூடியவர்களின் நோக்கம் சுமையைக் குறைப்பதாக இருந்தது. யூத விசுவாசியும் கிரேக்க விசுவாசியும் ஒரே பந்தியில் உட்காருவதற்கு எது தேவையோ அதை மட்டும் கேட்டார்கள். அந்த நான்கிலும் முதலாவதான விக்கிரகப் படைப்பைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, மற்றவனுடைய மனச்சாட்சியை முன்னிட்டுத் தீர்மானிக்கும் காரியமாக அதை விளக்குகிறார். வேசித்தனத்தைப் பற்றி அவர் அப்படி எழுதவே இல்லை. ஒரே பட்டியலில் இருந்தாலும் எல்லாம் ஒரே எடையுடையவை இல்லை.

தமிழ்ச் சபை வரலாற்றிலும் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. 1833இல் கல்கத்தாவின் பேராயர் டானியேல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமையை உடனே, முழுமையாக, இறுதியாக விட்டுவிட வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். தனித்தனி இடத்தில் உட்காருவதையும் தனித்தனியாகத் திருவிருந்துக்கு வருவதையும் விடமாட்டோம் என்று வேப்பேரியிலும் தஞ்சையிலும் வேளாளக் கிறிஸ்தவர் பலர் எதிர்த்தார்கள். 1840களின் பிற்பகுதியில் மதுரையில் அமெரிக்க மிஷனார் ஊழியர்களைச் சமபந்திக்கே உட்காரச் சொன்னபோது, பலர் வேலையைவிட்டு வெளியேறவும் ஆயத்தமானார்கள். தஞ்சைக் கவிராயர் வேதநாயகம் சாஸ்திரியார், வில்சனின் கட்டளைக்குச் சில ஆண்டுகள் முன்பே, புதிதாக வந்த மிஷனரிகள் செய்யும் கொடுமைகள் என்று ஒரு வரிசையை எழுதினார். பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றியது, சாதிகளைக் கட்டாயமாக ஒன்றாக்கியது, மங்கல காரியங்களில் பூவை விலக்கியது, தமிழிசையைத் தடுத்தது ஆகிய நான்கும் அதில் உள்ளன.

அவருடைய பக்தியையும் தமிழையும் குறைத்துப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இந்த நான்கும் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதில்தான் நம் கேள்விக்கான பதிலும் இருக்கிறது. மல்லிகைச் சரம் வைக்கக் கூடாது, கீர்த்தனை பாடக் கூடாது என்ற தடை, ஐரோப்பியரின் பழக்கத்தைப் பரிசுத்தமாக நினைத்துக்கொண்ட சட்டவாதம். அதை எதிர்த்தது சரியே. அயலானோடு ஒரே பாத்திரத்தில் பானம்பண்ண வேண்டும் என்ற கட்டளையோ சுவிசேஷத்தின் உட்பொருள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதைவிட்டு விலகியபோது, சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி அவர் நடக்கவில்லை என்று பவுல் முகமுகமாய் எதிர்த்தார் அல்லவா? அங்கே சட்டவாதம் ஒரு விதியாக எழுதப்படக்கூட இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்துபோனார், அவ்வளவுதான்.

எனவே மூப்பர் ஐயா கேட்ட அளவுகோலை இப்படிச் சொல்வேன். கிறிஸ்து சேர்த்துக்கொண்டவரைச் சேர்த்துக்கொள்ள வைக்கும் விதி வாசலில் நிற்கலாம். அயலானின் மனைவியையோ பணத்தையோ பறித்துக்கொண்டு மனந்திரும்பாதவனை நிறுத்தும் விதியும் நிற்கலாம். கிறிஸ்து சேர்த்துக்கொண்டார் என்று நாமே ஒப்புக்கொள்கிற ஒருவரை வெளியே நிறுத்தும் விதிக்கு அங்கே இடமில்லை. எத்தியோப்பிய மந்திரி, "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?" என்று கேட்டபோது, முழு இருதயத்தோடு விசுவாசித்தால் தடையில்லை என்றார் பிலிப்பு. கந்தாகே அரசியின் பொக்கிஷக்காரரான அந்த மந்திரி கழுத்தில் எதுவும் இல்லாமலா இரதத்தில் உட்கார்ந்திருப்பார்?

இன்னுமொன்று. 1 பேதுரு 3:3 பொன்னாபரணத்தோடு மயிரைப் பின்னுதலையும் ஒரே மூச்சில் சொல்கிறது. சடை பின்னி வருகிறவளைத் தண்ணீரில் இறக்கி, தோடு போட்டவளை இறக்காமல் விடும் சபை, வசனத்தைக் காக்கிறதா, தன் வழக்கத்தைக் காக்கிறதா என்று பணிவோடு கேட்கிறேன்.

நகரத்து வாலிபன் எழுதியது:

எதிர்ப்பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். விதிகளே இல்லாத சபை என்று பெயர் பெற்ற ஓர் ஆங்கில ஆராதனைக்கு நான் சென்னையில் போகிறேன். அங்கே லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில்) ஒருவர் இறைச்சியை விலக்கினால் "இன்னும் நியாயப்பிரமாணத்துக்குள்ளேயே இருக்கிறீர்களா பிரதர்?" என்ற கேலி வரும். என் பாட்டியைப்போல வெள்ளைச் சேலையோடும் வெறுங்கழுத்தோடும் ஒருவர் வந்தால் வரவேற்கிறவர்களின் முகமே மாறுகிறது. ரோமர் 14:3 இரண்டு பக்கமும் வெட்டுகிறது: புசிக்கிறவன் புசியாதிருக்கிறவனை அற்பமாய் எண்ணக் கூடாது, புசியாதிருக்கிறவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது. முதல் பாதியை எங்கள் சபையில் வாசிக்கிற ஒருவரையும் நான் கண்டதில்லை.

பொருநைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இங்கே எழுதப்பட்டவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தப் போதகரைப் போய்ப் பார்த்தேன். கடுமையான மனிதர் இல்லை. காபி கொடுத்து, உட்காரவைத்துப் பேசினார். தாலியைக் கழற்றாத நிலையில் இந்தப் பெண் இன்றிரவு மரித்தால் கர்த்தரிடத்தில் சேருவாரா என்று கேட்டேன். "சேருவார், அதில் சந்தேகமென்ன?" என்றார். அப்படியானால் தொட்டிக்கு வெளியே நிறுத்துவது ஏன் என்றதற்கு, சபையை ஸ்தாபித்த போதகர் வைத்துப்போன முறை, தம் காலத்தில் அதை மாற்றினால் மூத்த விசுவாசிகள் பிரிந்துபோவார்கள் என்றார். ஈர்க்கைப் பற்றியும் கேட்டேன். அது தமக்குத் தெரியும் என்றும், பீடத்திலிருந்து எதையும் சொல்லி எவரையும் வெட்கப்படுத்தத் தாம் விரும்பவில்லை என்றும் சொன்னார். உள்ளே வந்துவிட்ட பெண்கள் தோடு போடுவதைத் தெரிந்தே பொறுத்துக்கொள்கிறவர், வெளியே நிற்கிற ஒரு பெண்ணின் தாலியைப் பொறுக்க முடியாமல் இருப்பது எனக்கு விளங்கவில்லை. அதை அவரிடமே சொன்னேன். ஜெபித்துவிட்டுச் சொல்வதாகக் கூறினார்.

பழைய விசுவாசி எழுதியது:

அந்தப் போதகரின் பயம் எனக்குப் புரிகிறது; நானும் அந்த மூத்த விசுவாசிகளில் ஒருவன்தான். நகையை விடுவதை நான் தொடர்ந்து போதிப்பேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அவிசுவாசியான கணவன் தன்னுடன் வாழச் சம்மதித்திருக்கும்போது அவனைத் தள்ளிவிட வேண்டாம் என்று 1 கொரிந்தியர் 7:13 சொல்கையில், தள்ளிவிட்டாள் என்று ஊர் நினைக்கும் செயலைச் சபையே அவளிடம் கேட்பது தகாது. எங்கள் சபையிலும் இப்படிக் கணவர்கள் இரட்சிக்கப்படாத சகோதரிகள் உண்டு. அடுத்த மூப்பர் கூட்டத்தில் தாலியை மட்டும் தனியே பிரித்துப் பேச்சுக்கு எடுப்பேன். தோட்டைப் பற்றித் தரங்கம்பாடி ஐயா கேட்டதற்கு என்னிடம் இப்போது பதில் இல்லை. சடையைப் பற்றிய கேள்வியை என் மனைவியும் பலமுறை கேட்டிருக்கிறாள்.

பெத்தானியா எழுதியது:

இத்தனை பேர் எழுதியிருக்கிறோம். அந்தச் சகோதரி என்ன விரும்புகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லையே? போதகரும் மூப்பரும் உறவினரும் நாமுமாகச் சேர்ந்து அவருடைய கழுத்தையும் காதையும் பற்றித் தீர்மானித்துக்கொண்டிருக்கிறோம்.

பொருநைக்கரை எழுதியது:

நேற்றுக் கேட்டேன், சகோதரி. மூக்குத்தியையும் வளையலையும் விட்டுவிட அவருக்கு ஏற்கெனவே மனம் இருக்கிறது; எவரும் சொல்லாமல் தாமாகவே விட நினைத்திருந்ததாகவும், வகுப்பில் கட்டளையாக வந்தபின் அதைச் செய்யவே சலிப்பாக இருப்பதாகவும் சொன்னார். தோட்டைப் பற்றி அவருக்குப் பெரிய கருத்தொன்றும் இல்லை. தாலியைக் கழற்றமாட்டார். போதகர் மறுத்தால் பக்கத்து ஊர்ச் சபையில் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டு, பாட்டும் ஜெபமும் பழகிப்போன இந்தச் சபைக்கே தொடர்ந்து வரப்போவதாகவும், வெளியே போகச் சொன்னால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். தேதி இன்னும் குறிக்கப்படவில்லை.